தாளடிக்கு ஒரு வார்த்தை

போன புதன்கிழமை கும்பகோணத்தில் டவுன் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் கபீர். தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர்.

"வாரா வாரம் பேப்பர்ல ஊருக்கே புத்தி சொல்றீங்க சார், படிக்கிறேன்" என்றார். "நல்லாத்தான் இருக்கு. அஞ்சலையைப் பத்தி எப்ப எழுதுவீங்க?"

எந்த அஞ்சலை என்று நான் கேட்கவில்லை. தெரியும். இத்தனை வருஷம் எழுதாமல் விட்டதும் அதனால்தான்.

எழுதிவிடுகிறேன்.

குத்தகைப் பதிவேடுகள் கம்ப்யூட்டருக்கு மாறிய காலம். நிலச் சண்டை ஓயாத தாலுகா. பதிவேட்டில் பேர் இருந்தால் வயலில் இறங்கலாம். இல்லாவிட்டால் வரப்போடு நிற்க வேண்டியதுதான். கிளார்க்குகள் விவரங்களைப் பதிய ஒரு சின்ன கம்ப்யூட்டர் மொழி வேண்டும் என்றார்கள். உருவாக்கியவன் நான். மொத்தம் முப்பது வார்த்தைகள், எல்லாம் தமிழில். அந்த வார்த்தைகளில் விவரத்தை அடித்தால் பதிவேடு தயார். ஒரு வயலுக்கு ஒரு சாகுபடிக்காரர் — அதுதான் நான் வைத்த விதி.

ஒரு நாள் கபீர் அஞ்சலையை அழைத்துக்கொண்டு வந்தார். ஒரே குத்தகை வயல். முதல் போகமான குறுவை அவள் கணவனின் அண்ணனுக்கு. அது அறுத்ததும் இரண்டாம் போகமான தாளடி இவர்களுக்கு. கணவன் இறந்த பிறகும் அதே ஏற்பாடு. எல்லாம் வாய்ப்பேச்சு; காகிதம் கிடையாது.

"'போகம்'னு ஒரே ஒரு வார்த்தை சேர்த்துடுங்க சார். ரெண்டு பேர் பேரும் ஏறிடும். அரை நாள் வேலை."

அரை நாள்கூட ஆகாது. எனக்கும் தெரியும்.

"இன்னைக்கு போகம்பீங்க. நாளைக்கு பங்கு, நாளன்னைக்கு வேற ஒண்ணுன்னு வருவீங்க. கபீர் பாய், மொழி என்ன கோணிப்பையா, கிடைச்சதையெல்லாம் போட?" என்றேன். "எந்த ஊர் வழக்கமா இருந்தாலும் நீங்களே சொல்லிக்கிற மாதிரி, பொதுவா ஒண்ணு செஞ்சு தர்றேன்."

"அதுவரைக்கும் இந்தம்மா?"

"பொறுத்துக்கச் சொல்லுங்க."

கதவோரம் நின்றிருந்த அஞ்சலை என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்தப் பொது ஏற்பாட்டைச் செய்து முடிக்க எட்டு மாதம் ஆனது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு! உலகத்தின் எந்த வழக்கத்தையும் அதில் சொல்லலாம் — பதினாலு வரி எழுதத் தெரிந்தால். அந்த ஆபீஸில் ஒருவருக்கும் எழுத வரவில்லை.

அதற்குள் பதிவேடு வெளியாகி, ஆட்சேபம் சொல்லும் கெடுவும் முடிந்திருந்தது. அதில் அண்ணன் பேர் மட்டும். நிலக்காரர் அவரைச் சரிக்கட்டி, குத்தகையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிக்கொண்டார். நாற்றுக்கட்டோடு தாளடி நடப்போன அஞ்சலையை நிலக்காரரின் ஆட்கள் வரப்பிலேயே மறித்தார்கள்.

"பதிவேட்டுல உன் பேரே இல்லையேம்மா..."

யார் தப்பாகப் பதிந்தது? யாருமில்லை. மெஷின் நான் சொன்னபடிதான் நடந்தது.

பொதுவான தீர்வைத் தேடுவது குற்றமில்லை. ஆனால் தேடுகிறவன் நிழலில் உட்கார்ந்து நிதானமாகத் தேடுகிறான். காத்திருப்பது வேறு யாரோ.

"இப்ப எப்படி இருக்காங்க?" என்று பஸ்ஸில் கபீரிடம் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அதே வயல்தான் சார். கூலிக்கு நடவு நடுறாங்க" என்றார் கபீர். அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. "வாங்களேன், ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுவோம்."

நான் இறங்கவில்லை.

போய் என்ன சொல்வது? 'அம்மா, நான் பிற்பாடு செய்தது ரொம்ப அழகாக இருந்தது' என்றா?