எப்போதும் இரண்டாவது வரியில் முடிப்பவன்

டேரல் லாம்பியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வாய் கசக்கிறது. கனடாவின் தண்டர் பே நகரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்களில் அவனைவிடக் கெட்டவர்கள் இருக்கலாம். ஆனால் விடியற்காலையில் எதிரே உட்கார்ந்து, குடித்த காப்பி குமட்டிக்கொண்டு வரும்படி செய்கிற திறமை அவனுக்கு மட்டும்தான் உண்டு.

எங்கள் டிப்போவில் வண்டிகள் சூடாகும்வரை எல்லோரும் ஓய்வறையில் கூடுவோம். ஆளுக்கொரு போன், அதில் தினம் ஒரு வார்த்தை விளையாட்டு. ஊருக்கெல்லாம் அன்றைக்கு ஒரே ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தை. முயற்சிக்கு ஒரு வரியாக, ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். சரியான இடத்தில் விழுந்த எழுத்து பச்சை, இடம் மாறி விழுந்தது மஞ்சள், இல்லாதது சாம்பல். முடித்ததும் அந்த வண்ணக் கட்டங்களை டிப்போவின் போன் குழுவில் போட்டுவிட்டுத்தான் மற்றப் பேச்சு. நான்கில் முடித்தால் மரியாதை. ஆறில் முடித்தால் கேலி. டேரலுக்கு எப்போதும் இரண்டு.

வீட்டில் மனைவியின் போனில் ஆடி விடையைத் தெரிந்துகொண்டு வருவான். பிறகு எங்கள் முன்னால் தன் போனைப் பார்த்து நெற்றியைச் சுருக்குவான். அவன் மனைவியே கடையில் இதை என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். ஓய்வறையில் தெரியாதவர் யாருமில்லை. தெரிந்தும், அவன் பாடம் எடுத்தால் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதுதான் எனக்கு அவனைவிட அருவருப்பு.

"உயிரெழுத்தை மொதல்ல காலி பண்ணணும்," என்பான், ரோஸ் பாகு பூசிய பெர்ஷியன் பன்னை மென்றபடி. பாகு மீசையில் ஒட்டியிருக்கும். "அப்புறம் எது அதிகமா வருமோ அந்த எழுத்து. மூளைன்னு ஒன்னு இருந்தா ரெண்டாவது வரிக்கு மேல எதுக்குப் போகணும்?"

"உனக்கு ரெண்டு வரி, உம் பொண்டாட்டிக்கு எத்தனை வரிடா?" என்று ஒருநாள் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சூடு சொரணை இருந்தால்தானே.

மார்லீன் கோஸ்கி இந்தக் கேலிக்குள் வராதவள். வருடக்கணக்காக ஏரிக்கரைப் பாதையில் வண்டி ஓட்டியவள். போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்தது. கைகால் சீக்கிரம் தேறிவிட்டது, சொற்கள்தான் தேறவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பேரைத் தேடுவாள். அப்புறம் அவையும் ஒவ்வொன்றாக வந்தன. டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அவளுக்குத்தான் தன்மேல் நம்பிக்கை வரவில்லை. அதனால் என்னோடு ரேடியோ மேசையில் உட்கார்ந்து வண்டிகளுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாரம் முழுக்க யார் உதவியும் இல்லாம இந்த வார்த்தை விளையாட்டை முடிச்சிட்டேன்னா, என் வண்டியைக் கேட்டு வாங்கிக்குவேன்," என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அதை மேலாளர் கீத்திடமும் சொல்லியிருந்தாள். அவரும் சரியென்று, வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பதாகச் சொல்லிவிட்டார். அதற்குமேல் அந்தப் பாதை வேறு ஆளுக்கு.

அந்த வாரம் தினமும் ஐந்து, ஆறு என்று முக்கி முனகி முடித்தாள். வெள்ளிக்கிழமை நான்கு வரி போய்விட்டது. மூன்று பச்சை. போனை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன செல்லம், தூக்கமா? இது சின்னப் பிள்ளைங்க வார்த்தை," என்றான் டேரல்.

"வாயை மூடிக்கிட்டு பன்னைத் தின்னு," என்றேன்.

அப்போது பக்கத்து அறையில் ரேடியோ அலறியது. யாருடைய வண்டியோ பனியில் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. மார்லீன் எழுந்து ஓடினாள். நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். நான் திரும்புவதற்குள் அந்தப் பாகு ஒட்டிய விரல் அவள் போனில் ஐந்தாவது வரியை நிரப்பிவிட்டது. எல்லாம் பச்சை. அதோடு விடவில்லை, கட்டங்களை அவள் பேரில் குழுவிலும் போட்டுவிட்டான். கை தட்டினார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களே கை தட்டினார்கள்.

"பாவம், திணறிட்டு இருந்தா. உதவி பண்ணேன்," என்றான்.

மார்லீன் வாசலில் வந்து நின்றாள். வரும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்ததை நான் பார்த்தேன். மேசைக்கு வந்து போனைக் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நடந்து வரும்போது எனக்குக் கிடைச்சிடுச்சு," என்றாள் என்னிடம், மெதுவாக. "இதே வார்த்தைதான்."

"அப்புறம் என்ன? நீயே கண்டுபிடிச்சதுதான். போய் கீத்கிட்ட வண்டியைக் கேளு."

"கிடைச்சுதுன்னுதான் நினைக்கிறேன்." போனைக் கவிழ்த்து வைத்தாள். "ஆனா இப்ப இதைப் பாத்துட்டேனே. முன்னாடியே கிடைச்சுதா, பாத்தப்புறம் கிடைச்ச மாதிரி தோணுதா, எனக்கே தெரியல. என் தலை இப்பெல்லாம் அப்படித்தான் பண்ணுது."

நான் ஏதேதோ சொன்னேன். கீத்திடம் இன்னொரு வாரம் கேட்டு மறுபடி ஆரம்பிக்கலாம் என்றேன். அவள் காதில் ஏறவில்லை.

டேரல் சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, "ஒரு தேங்க்ஸ்கூட இல்ல பாரு," என்றான்.

சற்று நேரத்தில் கீத் உள்ளே வந்தார். குழுவில் கட்டங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சிரித்த முகத்தோடு ஏரிக்கரை வண்டியின் சாவியை அவள் முன்னால் நீட்டினார்.

மார்லீன் இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேற ஆளுக்குக் குடுத்துடுங்க," என்றாள்.