வலையில் வந்த புடவை

1969-ல், பொங்கலுக்குத் தறிக்கு விடுமுறை விட்டிருந்த சமயம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரே முதலாளியிடம் கூலிக்கு நெய்துகொண்டிருந்த நாங்கள் நான்கு பேர், பழைய வேன் ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் கடலோரமாகக் கிளம்பினோம். மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று ஒவ்வொரு ஊராக நிறுத்தி, வறுத்த மீன் தின்று, ஒரே கும்மாளம்.

உச்சி வெயிலில் பெயர் தெரியாத ஒரு குப்பத்தில் இறங்கினோம். கரையில் ஆள் நடமாட்டமே இல்லை. காய்ந்துகொண்டிருந்த வலைகளுக்கு நடுவே அரக்கு நிறப் பட்டுப்புடவை ஒன்று காற்றில் ஆடியது. "இங்க யாருடா பட்டு கட்றது?" என்று கிண்டலடித்தபடி கிட்டே போனேன். முந்தானையைக் கையில் எடுத்து விரித்தேன். வரிசையாக இருந்த அன்னங்களில் ஒன்றுக்கு மட்டும் கண் இல்லை. ஆறு மாதம் முன்பு நெய்யும்போது நான் விட்ட பிழை அது. முதலாளியிடம் சொல்லாமல் மறைத்திருந்தேன்.

பக்கத்துக் குடிசையிலிருந்து ஒரு அம்மா வந்தார்.

"வலையில வந்துச்சுபா. ஆளு வரல, பொடவ மட்டும் வந்துச்சு. தெரிஞ்சவங்க கண்ணுல படட்டும்னு நல்ல தண்ணியில அலசி, தெனம் காயப் போட்டுக்கினு இருக்கேன். ஒனக்குத் தெரியுமாபா?"

கூட வந்த நண்பன் ஒருவன் முழங்கையால் இடித்தான். "போலீசு, கோர்ட்டுன்னு அலையப் போறியா? வாடா!"

எனக்கும் போலீஸ் என்றால் பயம். "தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் வேனில் ஏறினேன். திரும்பிப் பார்த்தபோது புடவை காற்றில் உப்பி, உள்ளே யாரோ நிற்பதுபோல் இருந்தது.

ஊர் திரும்பியும் தறியில் உட்கார முடியவில்லை. தறிக்குக் கீழே மிதிக்கிற குழிக்குள் காலை விட்டாலே எதிரில் யாரோ நிற்பதுபோல் இருக்கும். எட்டாம் நாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ சட்டையை மாட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அந்தப் புடவையைக் கல்யாணத்துக்கு வாங்கியவர்கள் திருப்புட்குழிக்காரர்கள்.

அங்கே வீட்டில் கல்யாணப் பெண்ணின் அம்மா மட்டும் இருந்தார். கடலோர ஊரில் வாழ்க்கைப்பட்ட மகள், மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு கல்யாணப் புடவையோடு கிளம்பியவள், இங்கே வந்து சேரவே இல்லையாம். நான் சொல்லி முடித்ததும் அவர் அழவில்லை.

"ஒரு அன்னத்துக்குக் கண்ணு இருக்காதே, அதானேபா? அதைக் காட்டிக் காட்டிச் சிரிச்சிக்கினு இருப்பா."

அவருடைய முழங்கைகள் இரண்டும் சிராய்த்துப் புண்ணாகியிருந்தன. மகள் வரும் வழியில் விழுந்திருப்பாளோ என்று, சுற்றுவட்டாரத்தில் ஒரு கிணறு விடாமல் விளிம்பில் முழங்கைகளை ஊன்றி எட்டிப் பார்த்திருக்கிறார்.

என் ஒரு "தெரியாதும்மா"வுக்காக அந்தத் தாய் எட்டு நாள் கிணறு கிணறாக அலைந்தார் என்பதற்காக, இந்த வயதிலும் என்னால் என்னை மன்னிக்க முடியவில்லை.