பனிச்சாலைக்கு ஒரு பட்டம்

ஆகஸ்ட் மாதக் கடைசித் திங்கட்கிழமை காலையில், பதினாறு குளிர்காலம் ஓட்டிய பனி வாரும் லாரியின் சாவியை லைலின் மேசைமேல் வைத்துவிட்டு ட்ரினா ஹாவ்கன் கிளம்பினாள். வடக்கு மின்னசோட்டாவின் சாலைப் பணிக் கொட்டகையில் அவளும் லைலும் சேர்ந்தே வேலை பார்த்தவர்கள். இப்போது நாற்பத்தொரு வயதில், மூன்று மணி நேரத் தொலைவிலுள்ள பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் ஆண்டில் சேரப் போகிறாள்.

“என்ன பட்டம்?” என்றான் லைல், வழியனுப்ப வாங்கிய கேக்கை வெட்டியபடி.

“இன்னும் பேரு வைக்கல. நானேதான் எழுதணும்.”

“அட்றா சக்கை! பாடமும் நீயே, மார்க்கும் நீயேவா? அப்படியே எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு.”

“போட்டுட்டாப் போச்சு. மீன் பிடிக்கப் போறதுக்குக் காய்ச்சல்னு லீவு சொல்றதுல உன்னை அடிச்சுக்க ஆளே இல்லையே.”

அவள் ஏற்கெனவே மூன்று இரண்டாண்டுக் கல்லூரிகளில் விட்டு விட்டுப் படித்திருந்தாள். ஒரு வருடம் நர்சிங், பிறகு வெல்டிங், பிறகு ஏரி உயிரியல். பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடப் புள்ளிகள் மொத்தம் எழுபத்து நான்கு கிரெடிட். எந்தத் துறையில் கேட்டாலும் பாதியைக் கழித்துவிட்டார்கள். தனக்கான பட்டத்தைத் தானே வடிவமைப்பது ஒன்றுதான் மிச்சமிருந்த வழி. பெயர், கேள்வி, பாடப் பட்டியல் எல்லாம் எழுதி, இரண்டு பேராசிரியர்களின் கையெழுத்தோடு பல்கலைக்கழகக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு தடவைதான் அனுப்பலாம்.

அந்த ஊர்க்காரர்கள் ஃப்ரிட்ஜில் மிஞ்சியதையெல்லாம் ஒரே தட்டில் கொட்டி, மேலே உருளைக்கிழங்கை அடுக்கி ஓவனில் சுட்டு, அதை விருந்துக்கே கொண்டுபோவார்கள். ட்ரினா தன் திட்டத்தையும் அப்படித்தான் சமைத்தாள். ‘உடல்நலம், உலோகம், ஏரி, சமூகம்’ என்று பெயர். ஒரு கிரெடிட்கூட வீணாகவில்லை.

அக்டோபரில் அது குழுவின் குறிப்போடு திரும்பி வந்தது. “எதையெல்லாம் படித்தீர்கள் என்று தெரிகிறது. எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று தெரியவில்லை.”

“நர்சிங்கை நீக்கிடலாமே?” என்றாள் அவளுடைய படிப்பு ஆலோசகர் மரிபெல் சோட்டோ. டெக்சஸிலிருந்து வந்தவள், இருபத்தெட்டு வயது. அறைக்குள்ளும் கோட்டைக் கழற்றமாட்டாள்.

“பதினெட்டு கிரெடிட் அது. ஒரு வருஷம் நாயா உழைச்சிருக்கேன். விடமாட்டேன்.”

டிசம்பரில், இரண்டாம் தடவை அனுப்ப ஒரு வாரமே இருந்தபோது, கடுங்குளிர் இறங்கியது. ட்ரினா மரிபெல்லைப் பார்க்கப் போகும் வழியில், ஒருவன் நடைபாதையில் பனியை உருக்க உப்பை மண்வெட்டியால் அள்ளி வீசிக்கொண்டிருந்தான்.

“தம்பி, இந்தக் குளிருக்கு உப்பு வேலையே செய்யாது. சும்மா ஏரிக்குள்ளதான் போய்ச் சேரும். பனி விழறதுக்கு முன்னாடியே உப்புத்தண்ணி தெளிச்சிருந்தா இதுல கால்வாசி போதும்!”

“மேடம், நீங்க யாரு?”

அவனுக்கு விளக்கி முடித்து, இருபது நிமிடம் தாமதமாக மரிபெல்லின் அறைக்குள் நுழைந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் பொரிந்து தள்ளினாள். எவ்வளவு உப்பு, எந்த ஏரி, ஏன் லைல் மாதிரி ஆட்கள் அளவைக் குறைக்கப் பயப்படுகிறார்கள் என்று எல்லாம் சொன்னாள். மூச்சு வாங்க நிறுத்தியபோது, திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பத்தின் பின்பக்கம் முழுவதும் மரிபெல் அதையெல்லாம் எழுதியிருந்தாள்.

“இதுல நர்சிங் எங்க வருது?” என்றாள் மரிபெல்.

ட்ரினா காகிதத்தைப் பார்த்தாள். வெல்டிங் இருந்தது, தெளிக்கும் குழாயை மாற்றிப் பொருத்த வேண்டுமே. ஏரி இருந்தது. நர்சிங் எங்கும் இல்லை.

“நர்சிங்கை விட்டா, கூட ஒரு செமஸ்டர் ஆகுமில்ல?”

“ஆகும்.”

“ஆகட்டும்,” என்றாள் ட்ரினா. சொன்ன பிறகு பசித்தது. இருவரும் சூப் குடிக்கப் போனார்கள்.

‘குளிர்காலச் சாலைகளும் ஏரி நீரும்’ என்ற பட்டத்தைக் குழு ஜனவரியில் ஒப்புக்கொண்டது. கூடுதல் செமஸ்டரில் உறைந்த ஏரியின் பனியைத் துளையிட்டு, உப்பைச் சோதிக்க நீர் எடுப்பதுதான் அவளுக்கு வேலை. அதுபோல் நிம்மதியாக அவள் எந்தக் குளிர்காலத்தையும் கழித்ததில்லை.

பட்டம் வாங்கி இரண்டு வருடம் கழித்து, மாவட்ட ஏரிப் பாதுகாப்பு அலுவலகத்தில் அவள் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது லைலிடமிருந்து செய்தி வந்தது.

“ரோட்டு உப்பைப் பத்தி நீ எழுதின கட்டுரையைப் படிச்சேன், பாதி புரிஞ்சுது. நேத்துப் பனி விழறதுக்கு முன்னாடியே நாலாம் நம்பர் ரோட்டுல உப்புத்தண்ணி அடிச்சேன். காலையில பனி ஒட்டாம ரோடு கறுப்பா இருந்துச்சு. இன்னிக்கு எனக்குக் காய்ச்சல், தூண்டில்ல மீன் நல்லாக் கடிக்குது.”