தட்டில் கொட்டி எண்ணுங்கள்

எங்கள் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், மருந்து ஃப்ரிட்ஜுகள் உறுமுகிற அறையை ஒட்டி ஒரு மேசை, ஒரு தொலைபேசி. பதினான்கு வருடமாக அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு நோயாளிகள் வைத்த பெயர் கணக்கம்மா. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்ட இருநூற்றுச் சொச்சம் பேருக்கு அவர்தான் மருந்தாளுநர். பக்கத்து மேசையில் மருந்தைப் பெட்டி கட்டி அனுப்புவது என் வேலை. போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவர் பேசுவார் என்பதால் இருபக்கப் பேச்சும் என் காதில் விழும். பாதிக்கு மேல் காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய பேச்சு.

மாதம் தவறாமல் ஒவ்வொருவரையும் அழைப்பார். நலமா, சாப்பிட்டீர்களா என்பதெல்லாம் கிடையாது. "மாத்திரைய தட்டுல கொட்டுங்க. எண்ணுங்க. சத்தமா." மிச்சம் எத்தனை இருக்க வேண்டும் என்று அவர் கையில் ஒரு எண் இருக்கும். அது ஒத்துப்போனால்தான் அடுத்த மாத மருந்து என் மேசைக்கு வரும். இரண்டு கூடுதலாக இருந்தால் அந்த ஆள் தொலைந்தார்.

"ரெண்டு எப்படி மிச்சமாச்சு?"

"மறந்துட்டேன் மேடம்."

"சோறு திங்க மறந்தீங்களா? கிட்னி குடுத்தவங்க நம்பர் என்கிட்ட இருக்கு. போடட்டுமா?"

ஒருமுறை நிஜமாகவே போட்டுவிட்டார். அந்த ஆளிடம் வீட்டில் ஒரு வாரம் யாரும் முகங்கொடுத்துப் பேசவில்லையாம். அதைக் கேட்டு இவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இவர் வருவதற்கு முன் வருடத்துக்கு ஏழெட்டுப் பேர் மாத்திரையைத் தவறவிட்டு, அதனாலேயே கிட்னியைக் கோட்டைவிட்டு டயாலிசிஸுக்குத் திரும்புவார்கள். இவர் வந்தபின் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. படர்தாமரைக்கு எவரோ கொடுத்த மாத்திரையை விழுங்குவதாக ஒருவர் போனில் வாய்தவறிச் சொன்னார். அது கிட்னி மருந்தை ரத்தத்தில் விஷமாக ஏற்றிவிடும். லிஃப்டுக்குக்கூட நிற்காமல் நான்கு மாடி ஏறி, டாக்டரைப் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் அளவைக் குறைக்க வைத்தார். அந்த மனிதர் பேரப்பிள்ளையோடு இன்றும் வந்து போகிறார். கணக்கம்மாவின் வீட்டிலும் இதே கதைதான். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் கணவருடைய சர்க்கரை மாத்திரையை வாரம் ஒருமுறை எண்ணுவார். வெளியூரில் இருக்கும் மகன் போன் செய்தால் முதல் கேள்வியே "மலச்சிக்கல் போச்சா?" என்பதுதான். அவன் போன் செய்வதைக் குறைத்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

சலூன்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். நாற்பது வயது, இரண்டு நாற்காலி போட்ட கடை. கிட்னி கொடுத்தது அவருடைய அக்கா. கொடுக்கக் கூடாது என்று புருஷன் ஒற்றைக்காலில் நின்றும் கேட்காமல் கொடுத்த அக்கா. மூன்றாவது மாத அழைப்பில் அவர் மெல்ல ஆரம்பித்தார்.

"மேடம், காலைல மாத்திரை போட்டா ரெண்டு மணி நேரத்துல கை நடுங்குது. கத்தி பிடிக்கறவன் நான். ஒருத்தர் கன்னத்துல கீறிட்டேன். ஆளுங்க வரமாட்டேங்கறாங்க."

"கிட்னி வேணுமா, கத்தி வேணுமா? எண்ணுங்க."

அவர் எண்ணினார். அதற்குப்பின் நடுக்கம் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஒன்றரை வருடம், ஒரு மாத்திரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மற்றவர்களிடமெல்லாம் "சலூன்காரரப் பாத்துக் கத்துக்குங்க" என்று கணக்கம்மா தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்.

பெட்டி கட்டுகிற எனக்கே தெரியும், எந்த மனிதருக்கும் எல்லா மாதமும் கணக்கு நேராக வராது. ஒன்று கட்டிலுக்கு அடியில் உருளும், ஒன்று வாந்தியில் போகும். ஒருதடவைகூடப் பிசகாதவரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அது தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கால் வீங்கி, மூச்சு வாங்கி வார்டில் படுத்தபிறகுதான் சலூன்காரர் டாக்டரிடம் உடைத்துச் சொன்னார். காலை மாத்திரையை தினமும் கடை வாஷ்பேசினில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார். ரத்தப் பரிசோதனைக்கு நான்கு நாள் முன்பு மட்டும் காய்ச்சல் என்று கடையைச் சாத்திவிட்டு ஒழுங்காகப் போட்டுக்கொள்வார். எண்ணச் சொல்லாமல் இருந்திருந்தால் மிச்சம் டப்பாவிலேயே கிடந்திருக்கும், என்றைக்காவது கண்ணில் பட்டிருக்கும். எண்ணச் சொல்வார்கள் என்ற பயத்தில்தான் கொட்டினார். கிட்னி போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்து, மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுக்க அக்கா கீழே வந்தார். பையை மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டார்.

"கை நடுக்கத்துக்கு வேற வழியே இல்லையா மேடம்? அவன் உங்ககிட்ட சொன்னானாமே."

கணக்கம்மா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இருக்கு. இதே மருந்து, மெதுவா கரையற மாதிரி வருது. காலைல ஒரே வேளை. நிறைய பேருக்கு நடுக்கம் குறைஞ்சிருக்கு. நான் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்தியிருப்பாரு."

"எங்க இருக்கு அது?"

கணக்கம்மா என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினார். அக்கா அந்தப் பச்சைப் பெட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத அவன்கிட்ட சொல்லப் போறீங்களா?"

"சொல்லணும். மன்னிப்பும் கேக்கணும்."

"வேண்டாம். 'நான்தான் கெடுத்தேன், நான்தான் கெடுத்தேன்'னு தினமும் என் காலடியில உக்காந்து அழறான். அழட்டும். என் வயித்த அறுத்துக் குடுத்தேன். புருஷன் இன்னிவரைக்கும் பேசல. அவன் அத சாக்கடையில விட்டுட்டான். நீங்க போய்ச் சொன்னா பாதி உங்க மேல போயிடும், அவன் நிம்மதியா தூங்குவான். அவன் தூங்கக் கூடாது."

சொல்லிவிட்டுப் பையைக்கூட எடுக்காமல் போய்விட்டார். எனக்கு அந்த அம்மாள்மேல் கோபம் வந்தது, வந்த கோபம் நிலைக்கவும் இல்லை. கணக்கம்மா அன்று முழுக்க யாரையும் அழைக்கவில்லை. மறுநாள் வழக்கம்போல எல்லோரையும் அழைக்க ஆரம்பித்தார். சலூன்காரரிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. "அவங்க அக்காவே வேண்டாம்னுட்டாங்க, நான் என்ன பண்ண?" என்று என்னிடம் இரண்டுமுறை சொன்னார். அது அவருக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது.

சலூன்காரர் கடையை மூடிவிட்டார். வாரத்துக்கு மூன்று நாள் மேலே டயாலிசிஸ். போன மாதம் சிகிச்சை முடிந்து, சுவரைப் பிடித்தபடி எங்கள் அறைக்கு இறங்கி வந்தார். கும்பிட்டார்.

"உங்கள ஏமாத்திட்டேன் மேடம். அத்தன தடவ போன் பண்ணிக் கேட்டீங்க. மன்னிச்சிருங்க."

கணக்கம்மா என்னைப் பார்க்கவில்லை. "சரி, விடுங்க. மன்னிச்சுட்டேன்" என்றார்.