கிழிக்காமல் விட்ட தாள்

புக்கிட் ரோத்தானில் எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. தேதிக்குக் கீழே தினம் ஒரு பழமொழி போட்டிருக்கும். ரவாங் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்முன் முந்தின நாள் தாளைக் கிழிப்பது என் வேலை. காப்பியோடு அதன்முன் நின்று பழமொழியைச் சத்தமாகப் படிப்பது அப்பாவின் வேலை. பொறுமை, அடக்கம், நிதானம் என்று அவர் படிக்கப் படிக்க எனக்கு எரிச்சலாக வரும். பஸ்ஸுக்கு ஓடுகிறவளுக்கு நிதானம் எதற்கு?

அந்தப் புதன்கிழமைப் பழமொழி மட்டும் எனக்குப் பிடித்துப்போனது. சோம்பேறியை வெளுத்து வாங்கியிருந்தது. ஒழுகும் குழாயை மாற்றித் தருவதாக, என்னைக் கட்டிய வீட்டுக்காரர் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு நாள் அவர் கண்ணில் படட்டும் என்று வியாழக்கிழமை காலை அந்தத் தாளைக் கிழிக்காமலே விட்டேன். பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை புதன் தாளைக் கிழித்தேன். அடியில், வியாழன் தேதியைச் சுற்றி நானே போட்ட சிவப்பு வட்டம். அப்பாவின் கண் ஆபரேஷன் நாள். "வட்டம் வந்த அன்னிக்கு லோரிய எடுக்காதீங்க, அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்தவளும் நான்தான். வட்டம் வரவில்லை, அவர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றப் போய்விட்டார். எனக்கோ மண்டை நிறையக் குழாய். நாள் தெரிந்தால் தூங்கமாட்டார் என்று அப்பாவிடம் தேதியைச் சொல்லவே இல்லை; வட்டம் போட்டிருக்கிறேன், வந்ததும் போகலாம் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அடுத்த தேதி நான்கு மாதம் கழித்துத்தான்.

"நாலு மாசம்தானே, ஓடிரும் லா" என்றார் வீட்டுக்காரர். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சனிக்கிழமை எனக்கு உட்கார முடியவில்லை. அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று அவர் பின்னால் போய் நின்றேன். அவர் நாட்காட்டியைப் பார்த்து, மழையைப் பற்றி ஒரு பழமொழியைக் கணீரென்று படித்தார். தாளில் இருந்தது உப்பைப் பற்றி.

"அப்பா, அதுல அப்படி இல்லையே."

அவர் மேசையைத் தடவிப் பார்த்து டம்ளரை வைத்தார்.

"தெரிஞ்சதச் சொல்லிக்கிட்டு இருக்கேன்மா. எழுத்து கண்ணுக்குத் தெரியலன்னு சொன்னா நீ பயந்துருவ."

"எத்தன நாளா?"

"தீவாளியில இருந்து."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வட்டம் போட்டுருக்கேன்னு சொன்னியே, அந்த நாளு எப்பம்மா வருது?"