கோலத்தைச் சுற்றிப் போன கார்

இல்லை, வைதேகி மேடம் வசதியாக வாழ்ந்து போனார் என்று இந்த அஞ்சலிக் குறிப்பில் என்னால் எழுத முடியாது. இரங்கல் கூட்டத்தில் அப்படித்தான் பேசினார்கள். மகன் வாங்கித் தந்த பெரிய காரில் மகாராணி மாதிரி இருந்தார் என்றார் ஒருவர். அந்தக் காரில் மேடம் எத்தனை முறை ஏறினார் என்று பேசியவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

செய்தி வந்தபோது வகுப்பில் இருந்தேன். பர்வீன் அனுப்பியிருந்தாள். "வைதேகி மேடம் போயிட்டாங்க. காலையில. ஹார்ட்." பாடத்தை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

நம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவர். ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வீடு. கணவர் இறந்தபின் தனியாக இருந்தார். அவருடைய பழைய வெள்ளைக் கார் உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு பைக்குகளுக்கு நடுவே நிறுத்துவாரே, அது. காலையில் ராஜகோபுரத்தின் அருகே நான் ஏறிக்கொள்வேன். காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பேருந்து நிலையத்தில் வேதியியல் பர்வீன். மூன்று பேர், மூன்று சாப்பாட்டுக் கூடைகள், விடைத்தாள் கட்டுகள்.

"மேடம், இது காரா, டிபன் பாக்ஸா?" என்பாள் பர்வீன், முழங்காலை மடக்கிக்கொண்டே.

"டிபன் பாக்ஸ்தான். மூடியைச் சாத்து, ஆறிடப்போறது."

ஒரு மார்கழிக் காலை அவர் வீட்டுக்கே போயிருந்தேன். சந்து முழுக்கக் கோலம். காரின் பக்கக் கண்ணாடியை மடக்கி, ஒரு சக்கரத்தைச் சாக்கடை மூடியின் மேல் ஏற்றி, நடக்கிற வேகத்தில் ஓட்டினார். கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் எழுந்திருக்கவில்லை. காலை மட்டும் இழுத்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு விரக்கடை இடம் இருக்கு மாமி, வாங்கோ." ஒரு புள்ளியும் கலையவில்லை. தெருமுனையில் கண்ணாடியை விரித்தபடி மேடம் சொன்னார்: "நாம போற இடத்துக்கு வண்டி வரணும் ஜெனி. வண்டி போற இடத்துக்கு நாம போகப்படாது."

அவர் மகன் ஹைதராபாத்திலிருந்து என்னை அழைத்தது அதற்கடுத்த கோடையில். "நீங்க சொன்னா அம்மா கேப்பா. அந்த டப்பாவை வச்சுண்டு ஹைவேல போனா என்ன ஆறது?"

மேடம் நெடுஞ்சாலைக்குப் போனதே இல்லை. எங்களை ஆற்றோரச் சாலையில் முக்கொம்பு அணைக்குக் கூட்டிப்போனதுதான் அதிகபட்சத் தொலைவு. அதை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று மாலையே அவரிடம் பேசினேன்.

"ஒரு லாரி லேசா இடிச்சாலும் அப்பளமா நொறுங்கிடும் மேடம். உங்க வயசுக்குப் பெரிய வண்டிதான் சேஃப்டி."

"நீயுமா?" என்றார். பிறகு சாலையைப் பார்த்து ஓட்டினார். நான்கு நாள் கழித்துச் சம்மதித்தார்.

பாதுகாப்பு என்று சொன்னேன். உண்மை வேறு. கல்லூரி வாசலில், மாணவிகள் பார்க்க, அந்தக் காரிலிருந்து குனிந்து வளைந்து இறங்குவது எனக்கு வெட்கமாக இருந்தது.

பெரிய வண்டி வந்தது. சின்னது அன்றே எக்ஸ்சேஞ்சில் போனது. ஆசிரியர் அறையில் இனிப்பு. நாம் எல்லோரும் கைதட்டினோம். நான் சற்று அதிகமாக.

முதல் வாரமே எதிர்வீட்டு கேட்டில் உரசினார். அந்தச் சந்தில் கோலத்தை மிதிக்காமல் அதை எடுக்க வழியில்லை. அதன்பின் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மகன் ஆக்டிங் டிரைவர் ஏற்பாடு செய்தார். முந்தின நாளே சொன்னால் வருவார். சில நாள் சொன்னாலும் வரமாட்டார். மேடம் கல்லூரிக்குப் பேருந்தில் வரத் தொடங்கினார். மற்ற இடங்களுக்குப் போவதை விட்டுவிட்டார்.

புத்தூரில் ஒரு மருத்துவமனையில் இதயப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மூன்று முறை தள்ளிப்போட்டார். மூன்று முறையும் டிரைவர் வரவில்லை.

"ஆட்டோல போயிருக்கலாமே மேடம்?"

"வாசல்ல யானை மாதிரி நிக்கறது. அதைத் தாண்டிண்டு ஆட்டோ ஏறினா தெருவே கேக்கறது, ஏன் மாமி, வண்டி ரிப்பேரான்னு. எத்தனை பேருக்குப் பதில் சொல்றது?" சிரித்தார். "அந்த டப்பா இருந்தா நானே போயிட்டு வந்திருப்பேன்."

அதில் குற்றச்சாட்டு இல்லை. குற்றம் சாட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நாலாவது முறையாகக் குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்பு இறந்தார்.

கார்தான் காரணம் என்று எந்த மருத்துவரும் எழுதமாட்டார். நானும் எழுதவில்லை. போக வேண்டிய இடத்துக்குத் தானே போய்வந்த ஒரு பெண்ணை, வாசலில் காத்து நிற்கிறவராக மாற்றினோம். அதைப் பரிசு என்று சொன்னோம்.

காரியங்கள் முடிந்ததும் அவர் மகனிடம் சொன்னேன். "நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் அந்த வண்டியை அவங்க தலையில கட்டினோம்."

"அம்மா சேஃப்டிக்குத்தானே பண்ணேன்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த "நீயுமா". என் வெட்கத்துக்கு அக்கறை என்று பெயர் வைத்து நீட்டினேன். அது தெரிந்தே வாங்கிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று மாலை தில்லைநகரில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த வண்டிகளில் மிகச் சின்னதில் கற்றுத்தரும்படி கேட்டேன். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வரச் சொன்னார்கள். பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.