ஜெபத்தில் வாசித்த நோய்

பட்டணத்துக் காலேஜில் எப்.ஏ. படித்த மாசிலாமணி பாதி வருஷத்தில் ஆரணிக்குத் திரும்பிவிட்டான். தூக்கமில்லை, புத்தகத்தைத் திறந்தாலே கண்ணீர் கொட்டியது. மிஷன் ஆஸ்பத்திரியிலோ மருந்து கொடுக்குமுன் ஒவ்வொருவர் பேரையும் நோயையும் உரக்க வாசித்து ஜெபிப்பார்கள். பாழாய்ப்போன அந்த வழக்கத்துக்குப் பயந்த அப்பா, "வயித்து நோவுன்னு சொல்லுடா. பைத்தியம்னு தெரிஞ்சா உன் தங்கச்சிய எவன் கட்டுவான்?" என்றார்.

மூன்று வாரமாக விளக்கெண்ணெய் குடித்து அலுத்தவன், அன்றும் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

கம்பவுண்டர் வாசித்தார்: "மாசிலாமணி, வயிற்றுவலி. அருமைநாயகம், வயிற்றுவலி."

மாசிலாமணி நிமிர்ந்தான். அதே காலேஜில் பி.ஏ. படிப்பை விட்டுவந்து, ஒரு வருஷமாக வீட்டுக்குள்ளேயே கிடந்த அருமைநாயகம் எதிர் பெஞ்சில் இருந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கண்ணை மூடி, வயிறு குணமாகவேண்டுமென்று எல்லோரோடும் சேர்ந்து ஜெபித்தார்கள்.